வெயில் தின்ற கையெழுத்து

"ஐயோ...!"

அலறல் ஆர்ட் கேலரியின் மூன்றாவது ஹாலிலிருந்து வந்தது.

காலை மணி ஒன்பதரை.

கண்காட்சித் திறப்பு விழாவுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். வாசலில் பூ ஜாடிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தவர்கள் அப்படியே உறைந்தார்கள். டைரக்டர் காபிக் கோப்பையைப் போட்டுவிட்டு ஓடினார். வழுக்கை, தொந்தி, இன்றைக்கென்று தைத்த புதுக் கோட்டு... அந்த உடம்பு அத்தனை வேகமாக ஓடி அங்கே யாரும் பார்த்ததில்லை!

ஹாலின் நடுவே மேதை நின்றிருந்தார்.

பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர் அது. அவருக்கும் அது பிடித்துப்போய், அப்பா வைத்த பெயரை மறந்தே விட்டார். ஐம்பத்தைந்து வயது. தோளைத் தொடும் நரைமுடி. எப்போதும் ஒரு கையை மார்பில் வைத்துத்தான் பேசுவார். இன்றைக்கு அந்தக் கை சுவரைக் காட்டிக்கொண்டிருந்தது.

"யாரு செத்தது? பாடி எங்கே?" டைரக்டருக்கு மூச்சு வாங்கியது.

"பாடி இல்லய்யா! என் கையெழுத்து... என் கையெழுத்தைக் காணோம்!"

"என்னது?"

"கண்ணைத் திறந்து பாருய்யா!"

டைரக்டர் பார்த்தார்.

சுவர் முழுக்கச் சட்டம் போட்ட கறுப்பு மைச் சித்திரங்கள். ஜன்னலோரம் தலை வாரும் பெண். மழை நின்ற தெரு. ஆளில்லாத நாற்காலி. தூங்கும் பூனை... எல்லாம் பத்திரமாக இருந்தன. ஒரு கீறல் இல்லை.

ஆனால் ஒவ்வொன்றின் வலது கீழ்மூலையிலும், ஊதா நிறத்தில் வாலை நீட்டிப் படுத்திருக்குமே அந்தப் பிரபலமான கையெழுத்து...

அங்கே வெறும் தாள்!

"சார்... படத்தைத் திருடுறவன் இருக்கான். சட்டத்தைக் கழட்டிட்டுப் போறவன்கூட இருக்கான். கையெழுத்தை மட்டும் சுருட்டிட்டுப் போனவனை நான் கேள்விப்பட்டதே இல்ல!"

"பேசிட்டு நிக்காதய்யா! போலீஸைக் கூப்பிடு!"

"கூப்பிட்டாச்சு."

வாசலிலிருந்து குரல்.

வெள்ளைக் கோட்டு, பருத்தி நூல் கையுறை, இறுக்கிக் கட்டிய கொண்டை. அவள்தான் அந்த கேலரியின் காகித டாக்டர். கிழிந்த தாளை ஒட்டுவாள். கறை பிடித்ததைக் கழுவுவாள். பன்னிரண்டு வருஷமாக அதே வேலை. ஆபீஸில் எல்லோருக்கும் அவள் டாக்டரம்மா.

மேதைக்கு மட்டும் இன்னொரு முறை. அவர் மனைவியின் தங்கை.

"இன்ஸ்பெக்டர் பத்து நிமிஷத்துல வந்துடுவார் அத்தான். நீங்க உட்காருங்க. பிரஷர் ஏறிடப் போகுது."

குரலில் தேன் சொட்டியது.

தேனுக்குள் கண்ணாடித் தூள் இருந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும்!

* * *

இன்ஸ்பெக்டர் தும்மிக்கொண்டே உள்ளே வந்தார்.

"ஹச்...! பழைய பேப்பர்னாலே எனக்கு ஆகாது. ஹச்...! எங்கே திருட்டு?"

பின்னால் ஒரு ஏட்டு. அவருக்கும் பின்னால், விழாவுக்குச் சீக்கிரமே வந்துவிட்ட இரண்டு நிருபர்கள். விழா செய்தியைவிடப் பெரிய செய்தி கிடைத்த சந்தோஷத்தில் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் மேதையைப் பார்த்ததும் நின்றார்.

"சாரா? நம்ம பழைய பழக்கமாச்சே. எட்டு வருஷம் இருக்குமா? அப்ப நான் சப்-இன்ஸ்பெக்டர். உங்க வீட்டு மாடிப்படியில உங்க சம்சாரம் விழுந்து..."

"அதை ஏன் இப்ப ஞாபகப்படுத்துறீங்க?" மேதை கையை மார்பில் வைத்தார். "என் உயிரே போன நாள் அது."

"நீங்க ஊர்ல இல்லாத நாளும் அதுதான், இல்ல? மறுநாள் சாயந்திரம்தான் வந்தீங்க. அந்தம்மா கண்ணாடி போடாம இறங்கி, படி தெரியாம..."

"அவளுக்குக் கண்ணாடி இல்லாட்டி எதுவும் தெரியாது. மறந்து மேஜை மேலயே வெச்சுட்டு இறங்கிட்டா. விதி!"

காகித டாக்டர் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

எட்டு வருஷம்!

அக்காவின் அந்தக் கண்ணாடியை ஸ்டேஷனிலிருந்து கவரில் வாங்கி வந்தவள் அவள்தான். 'அவ பொருள் எதையும் என் கண்ணுல காட்டாதீங்க' என்று அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டில் கவரைப் பிரித்தால்... கண்ணாடியின் ஒரு கால் ஒடிந்திருந்தது!

அன்றே ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

"மேஜை மேல அழகா வெச்சிருந்த கண்ணாடிக்குக் கால் எப்படி சார் ஒடியும்?"

"முன்னாடியே ஒடிஞ்சிருக்கும்மா."

"ஒடிஞ்ச கண்ணாடியை அக்கா ஒரு நாள்கூட வெச்சிருக்க மாட்டா சார்!"

"ஆதாரம் கொண்டு வாங்க. பார்க்கலாம்."

மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் அதே பதில். சொன்னவர் இதே தும்மல்காரர். இன்றைக்கு அவரைத் தேடிப்பிடித்து வரவழைத்ததும் அவள்தான்!

"என்னம்மா, நீங்கதானே இங்க பேப்பர் டாக்டர்?" இன்ஸ்பெக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கேமராவுல ராத்திரி ஒரு ஈ, காக்கா நுழையலைங்கறாங்க. தாள்ல இருக்கற எழுத்து எப்படிம்மா ஓடிப்போகும்?"

"தாளுக்கு எதிரிங்க ஜாஸ்தி சார். ஈரம் பட்டா பூஞ்சணம் பிடிக்கும். பூச்சி வந்தா சல்லடை ஆக்கிடும். பின்னாடி மட்டமான அட்டையை ஒட்டினா, அட்டையில இருக்கற அமிலம் ஊறி ஊறித் தாள் பழுப்பாகி, சருகு மாதிரி நொறுங்கும். ஆனா இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். வாசனை வரும். சத்தமே இல்லாம கொல்ற ஒருத்தன் இருக்கான்."

"யாரு?"

"வெளிச்சம்."

"வெளிச்சமா? படத்துல மத்த கோடெல்லாம் ஜம்முனு இருக்கே!"

"கோடு போட்டது புகைக்கரி மை. வெயில்ல எத்தனை வருஷம் காஞ்சாலும் கறுப்பு கறுப்புதான். கையெழுத்து போட்டது ஊதா ஸ்கெட்ச் பேனா. கடையில குழந்தைங்க வாங்குறது. மூணு மாசம் நல்ல வெயில் பட்டா... ஆள் காலி!"

டைரக்டர் பதறினார். "நம்ம ஹால்ல வெயிலே வராதேம்மா! ஜன்னலே கிடையாது!"

"ஹால்ல வராது சார்." அவள் நிதானமாகச் சொன்னாள். "என் லேப்ல வரும். தெற்கு ஜன்னல்."

"நீயா...?" மேதையின் குரல் கீச்சிட்டது. "நீயாடி பண்ணினே?"

"நானேதான் அத்தான்."

* * *

நான்கு மாதத்துக்கு முன்னால் அந்தத் தகரப் பெட்டி லேபுக்கு வந்தது. மேதை வெளிநாட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் அனுப்பியிருந்தார். 'சுத்தம் பண்ணி, சட்டம் போட்டு வை. வந்து விழாவுல பார்த்துக்கறேன்.' ஒரு வரிச் சீட்டு. அவ்வளவுதான்.

அறுபது சித்திரங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் மொத்தையாக அட்டை ஒட்டியிருந்தது. மூலைக்கு மூலை செல்லோ டேப். பசை தேன் நிறத்தில் தாளுக்குள் இறங்கியிருந்தது. தாள் முனகுவது அவளுக்குக் கேட்காத குறை!

ஆவி காட்டி, எலும்பில் செய்த மழுங்கல் கத்தியை நுழைத்து, முதல் அட்டையை மெல்ல உரித்தாள்.

பின்பக்கம் பென்சில் எழுத்து.

'மழை நின்னதும் வரைஞ்சது. மூணாவது தடவை சரியா வந்துது. பொடிசுக்குக் காட்டணும்.'

அக்காவின் எழுத்து!

பொடிசு என்று உலகத்தில் அவளைக் கூப்பிட்டது ஒரே ஒருத்தி.

அக்கா படத்தின் முன்பக்கம் கையெழுத்துப் போட மாட்டாள். 'படம்தான் முகம். முகத்துல யாராவது பேரை எழுதிக்குவாங்களா?' என்பாள். எழுதுவதெல்லாம் பின்பக்கம்தான். அதன்மேல்தான் அட்டையை ஒட்டியிருந்தார் அத்தான்!

அவள் அழவில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவினாள். கறுப்பு அட்டைகளை எடுத்து, ஒவ்வொரு படத்தின் அளவுக்கும் வெட்டினாள். வலது கீழ்மூலையில் மட்டும் கையெழுத்தின் அளவுக்கு ஒரு ஜன்னல் போட்டாள். அக்காவின் கோடு ஒன்றின்மேலும் வெளிச்சம் விழக் கூடாது. அவன் பெயர்மேல் மட்டும் விழ வேண்டும்!

தெற்கு ஜன்னலில் வரிசையாகச் சாய்த்து வைத்தாள்.

தினமும் காலையில் வந்ததும் பார்ப்பாள். ஊதா, இளஊதா ஆயிற்று. பிறகு சாம்பல் ஆயிற்று. பிறகு சந்தேகம் ஆயிற்று. ஒரு நாள், ஒன்றுமில்லை ஆயிற்று.

ஆளைக் கொல்வதைவிடப் பெயரைக் கொல்வது நிம்மதியாக இருந்தது அவளுக்கு.

கொஞ்ச நாளைக்குத்தான். பிறகு அதுவும் போதவில்லை!

* * *

"அரெஸ்ட் பண்ணுங்க சார் இவளை!" மேதை குதித்தார். "கலைச் சொத்தை அழிச்சிருக்கா!"

"பண்ணுங்க சார்." அவள் கைகளை நீட்டினாள். "அதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒண்ணு கேளுங்க. பத்து வருஷமா வரைஞ்ச படங்கள்னு பேட்டி குடுத்திருக்கார். கையெழுத்து மட்டும் எப்படி ஒரே பேனா? அழியறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். முதல் படத்துல பட்டையா இருக்கு. போகப் போக மை தீர்ந்து, கடைசி நாலுல கீறலா நிக்குது. ஒரே நாள்ல உட்கார்ந்து வரிசையா போட்டிருக்கார்!"

"எனக்கு அப்படி ஒரு பழக்கம்!"

"சரி. இதுவும் பழக்கமா?"

சுவரிலிருந்து ஒரு சட்டத்தைக் கழற்றித் திருப்பினாள். பின்பக்கம் அட்டைக்குப் பதில் கண்ணாடி போட்டிருந்தாள். அக்காவின் பென்சில் எழுத்து ஹாலின் வெளிச்சத்தில் பளிச்சென்று நின்றது. நிருபர்களின் போன்கள் இன்னும் கிட்டத்தில் வந்தன.

மேதை சிரித்தார். நல்ல நடிகர்!

"பாவம்மா நீ. அவ எனக்கு உதவிக்கு இருந்தா. நான் சொல்லச் சொல்லக் குறிப்பு எழுதினா. அதுக்காகப் படம் அவளுதாகிடுமா?"

டைரக்டர் தலையைச் சொறிந்தார். "அது சரிதான் சார். ஆனா இப்ப உங்களுதுன்னு சொல்லவும் ஒண்ணும் இல்லையே! அந்தம்மா எழுத்தாவது பின்னாடி இருக்கு. உங்க எழுத்து ஒரு படத்துலகூட..."

"யோவ்! நீயுமா?"

மேதை சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சட்டம் சட்டமாக ஓடினார். ஜன்னலோரப் பெண், இல்லை. பூனை, இல்லை. நாற்காலி, இல்லை. ஹாலின் கோடியில் தூணுக்குப் பின்னால் தனியாக ஒரு படம் தொங்கியது. அதன் முன்னால் போய்ச் சட்டென்று நின்றார்.

"இதோ! இதோ இருக்கு! என் கையெழுத்து!"

எல்லோரும் ஓடினார்கள்.

ஆமாம். கறுப்பு மையில், வாலை நீட்டிக்கொண்டு, அழுத்தமாக இருந்தது கையெழுத்து!

"அதை விட்டுடுங்க அத்தான்..." காகித டாக்டர் தடுமாறினாள். "அது... அது வேணாம்."

"ஏன் வேணாம்? வெயில்ல வெச்சும் போகலை, இல்ல? படம் வரைஞ்ச அதே மையில போட்டது! இதுக்கு என்னடி சொல்றே?"

"அதையும் அக்காதான் வரைஞ்சா!"

மேதை வாய்விட்டுச் சிரித்தார்.

"படத்தைப் பாருங்க இன்ஸ்பெக்டர். நல்லாப் பாருங்க!"

இன்ஸ்பெக்டர் பார்த்தார்.

மரப் படிக்கட்டு. மேல்படியில் நின்று கீழே பார்க்கிற மாதிரி வரைந்திருந்தது. படிகள் குறுகிக் குறுகி இறங்கி, அடியில் ஒரு பெண். குப்புற விழுந்து கிடந்தாள். ஒரு கை மட்டும் கைப்பிடிக் கம்பியைத் தேடுவது போல நீண்டிருந்தது.

"அவ செத்ததை அவளே எழுந்து வந்து வரைஞ்சாளாம்! கேட்டீங்களா கதையை?"

"அப்போ நீங்கதான் வரைஞ்சீங்களா சார்?"

"நானேதான்! அந்தத் துக்கத்தைக் கோட்டுல கொட்டினேன். ராப்பகலா அழுதுகிட்டே வரைஞ்சது."

"ஆனா நீங்கதான் அங்க இல்லையே?"

"கலைஞன் மனசால பார்ப்பான் இன்ஸ்பெக்டர்! உங்களுக்கு அதெல்லாம் புரியாது."

"பொய் சார்!" அவள் குறுக்கே பாய்ந்தாள். "கோட்டைப் பாருங்க, கை நடுங்கியிருக்கு. கடைசி காலத்துல அக்காவுக்குக் கை நடுங்கும். இதோ, நாலாவது படியில மை சிந்தியிருக்கு. இவரா சிந்துவார்? என் கோட்டுல ஒரு தப்பு காட்டுங்க பார்க்கலாம்னு ஊர் ஊரா சவால் விட்டவராச்சே!"

"சிந்தலா? எதுடி சிந்தல்?"

"இதோ, இந்தச் சுழிப்பு. இது தெரியாம விழுந்த பொட்டு. வரையத் தெரியாதவங்க வேலை."

மேதையின் முகம் சிவந்தது. எத்தனையோ விமர்சகர்கள் தலைவணங்கிய முகம்!

"முட்டாள்! கண்ணு அவிஞ்சு போச்சா? அது மைச் சிந்தல் இல்ல. அவ கண்ணாடி! விழும்போது தெறிச்சு, ஒரு கால் ஒடிஞ்சு நாலாவது படியில கெடந்துச்சே, அது!"

இன்ஸ்பெக்டருக்குத் தும்மல் வரவில்லை.

"எங்கே கெடந்துச்சு சார்?"

"அ... அது... கற்பனை..."

"நாங்க வந்தப்ப கண்ணாடி மாடியில மேஜை மேல இருந்துது. இப்பகூட நீங்க அப்படித்தான் சொன்னீங்க. நான்தான் எடுத்துக் கவர்ல போட்டேன். ஒரு கால் ஒடிஞ்சிருந்துது. வாஸ்தவம். ஆனா அதை ரிப்போர்ட்டுல எழுத மறந்துட்டேன். இந்தம்மா மூணு தடவை வந்து கத்தினப்பகூட உறைக்கலை." அவர் குரல் தாழ்ந்தது. "கவரை நீங்க தொடவே மாட்டேன்னீங்க. இந்தம்மாதான் வாங்கிட்டுப் போனாங்க. ஒடிஞ்சது உங்களுக்கு எப்படித் தெரியும்? நாலாவது படியில கெடந்ததை மேஜைக்குத் தூக்கிட்டுப் போய் வெச்சது யாரு?"

மேதை படத்தை விட்டுப் பின்வாங்கினார்.

"அத்தான்," அவள் மெல்லக் கேட்டாள். "அக்கா அன்னைக்கு என்ன சொன்னா?"

அந்தக் கேள்வியில்தான் அவன் உடைந்தான்.

"சிரிச்சாடி! அவ சிரிச்சா! எல்லாப் படத்துலயும் என் பேரைப் போட்டுடலாம், உனக்கு எதுக்கு விளம்பரம்னு தன்மையாத்தான் கேட்டேன். 'முதல்ல ஒரு வட்டம் ஒழுங்கா போடுங்க, அப்புறம் பேர் போடலாம்'னு சொல்லிட்டுப் படியிறங்கினா! சிரிச்சுக்கிட்டே இறங்கினா! ஒரே ஒரு தள்ளு... நான் நெனைக்கவே இல்ல..."

நிருபர்களின் போன்களில் சிவப்புப் புள்ளிகள் துடித்துக்கொண்டிருந்தன.

அதை அவன் பார்த்துவிட்டான்!

பாய்ந்து சுவரிலிருந்து அந்தப் படத்தைப் பிடுங்கினான். தரையில் ஓங்கி அடித்தான். கண்ணாடி சிதறியது. தாளை உருவி நாலாக, எட்டாக, பதினாறாகக் கிழித்தான். ஏட்டு பின்னாலிருந்து வளைத்துப் பிடிப்பதற்குள் சுக்கல் சுக்கலாக்கி வீசிவிட்டான்.

"இப்ப காட்டுங்கடா! எங்கடா ஆதாரம்? எங்கே?"

ஏட்டு அவனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். போன்களும் பின்னாலேயே ஓடின.

* * *

ஹாலில் மூன்று பேர் மிஞ்சினார்கள்.

டைரக்டர் ஒரு நாற்காலியில் சரிந்து, புதுக் கோட்டால் முகத்தை விசிறிக்கொண்டார்.

காகித டாக்டர் ஜன்னலோரப் பெண்ணின் முன்னால் போய் நின்றாள். இந்த நாளுக்காக எட்டு வருஷம் பல்லைக் கடித்திருந்தாள். சந்தோஷம் பொங்கும் என்று நினைத்திருந்தாள். பொங்கவில்லை. தாடை மட்டும் வலித்தது. வலது கீழ்மூலையை விரல் நுனியால் தொட்டாள். சுத்தமாக இருந்தது. அது போதும் என்று பட்டது.

இன்ஸ்பெக்டர் தரையில் மண்டிபோட்டுத் துண்டு துண்டாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஹச்...! பாவி, முக்கியமான ஆதாரத்தையே கிழிச்சுட்டானேம்மா! உங்களால ஒட்ட முடியுமா?"

"முடியும் சார். ஒட்ட வேண்டாம்."

"ஏன்?"

அவள் லேபுக்குப் போய் ஒரு தட்டைக் கொண்டுவந்தாள். அதில் கறுப்பும் பச்சையுமாக, பிசுபிசுவென்று ஒரு மொத்தை. பழைய கந்தல் மாதிரி இருந்தது.

"பெட்டியில இருந்த அறுபதாவது படம் இதுதான் சார். அடியில இருந்துது. ஈரம் இறங்கி, பூஞ்சணம் தின்னு தீர்த்துடுச்சு. அக்கா இதுல என்ன வரைஞ்சாள்னு யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. தெரிஞ்சுக்கற அளவுக்கு அவர் எந்தப் படத்தையும் பார்த்ததில்ல."

"அப்போ... நான் கையில வெச்சிருக்கற இது?"

"என் தொழில்ல முதல் சட்டம் ஒண்ணு இருக்கு. அடுத்தவங்க வரைஞ்ச படத்துல ஒரு கோடுகூடச் சேர்க்கக் கூடாது. நான் சேர்க்கலை சார்." கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி டைரக்டரின் மடியில் வைத்தாள். "முழுப் படத்தையும் நானே வரைஞ்சேன்."

"அந்த நாலாவது படி?"

"அது நிஜமாவே சிந்தல்தான். துடைக்கலாம்னு போனேன். எதுக்கும் இருக்கட்டும்னு விட்டேன்."

"கையெழுத்து?"

"அதுவும் நான்தான். நாலு நாள் பழகினேன்."

இன்ஸ்பெக்டரின் கையிலிருந்து துண்டுகள் நழுவின.

"அடப்பாவி! அப்போ இது போலிப் படமா?"

அவள் கையுறையைக் கழற்றி மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"படம்தான் சார் போலி... வாக்குமூலம் ஒரிஜினல்!"